ஆவுடை வீட்டுக் குளவி

அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்.

அவர். அவருடைய ஒரே தங்கை ஆவுடையம்மாள். அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர்.

வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததாக இன்று சொல்லித் திரிகிறவர்கள் எவரும் அப்போது அந்தத் தெருவிலேயே இல்லை.

அவர் ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். வயது எழுபத்திரண்டு. வேட்டியை மடித்துக் கட்டவில்லை; பெண்கள் இருக்கும் இடத்தில் அவர் மடித்துக் கட்டுவதில்லை. கையில் தோசைக்கரண்டி. அவர் கேட்டதும் ஆவுடைதான் எடுத்துவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

எதிரே, ஜன்னல் சட்டத்தின் மேல்மூலையில், குளவிக்கூடு.

உள்ளங்கை அகலம்தான். ஈரமண்ணை வரிவரியாகப் பூசிக் கட்டியிருந்தது. ஐந்து அறைகள். நான்கு மூடியிருந்தன. ஐந்தாவதை மூட மண் எடுத்துவரக் குளவி வெளியே போயிருந்தது.

நேர்கீழே ஆவுடையின் கட்டில்.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை கூட்டில் யாரும் கை வைப்பதில்லை.

ஆவுடைக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு வளைகாப்பு. பந்தியில் ஒருத்தி அவர் மனைவியிடம் கேட்டாள், அவர் காதிலும் விழும்படி.

"ஒங்க நாத்தனாருக்கு இது எத்தனாவது மாசம்?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஊர் ஒரு சொல் சொன்னதில்லை. அதைக் காப்பாற்ற அவர் எவ்வளவோ செய்திருக்கிறார். ஆவுடைக்கு வந்த மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பியதும் அதற்காகத்தான். ஒருவன் வீட்டில் நிலம் இல்லை. இன்னொருவனின் அக்காள், வீட்டாரை எதிர்த்துக் கல்யாணம் கட்டிக்கொண்டவள். மூன்றாமவனிடம் என்ன குறை கண்டார் என்பது இப்போது நினைவில் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் தென்காசிக்கு, தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி," என்றாள் எஸ்தர் டீச்சர். "சீர்த்தட்டோட வருவீங்கன்னு பாத்தா, தோசைக்கரண்டியத் தூக்கிட்டு நிக்கீங்க?"

ஆவுடை சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் திரும்பவில்லை. சுரண்டினார்.

மண் காய்ந்து இறுகியிருந்தது. மூன்றாவது இழுப்பில் மொத்தமாகப் பெயர்ந்து, கட்டில் விரிப்பில் விழுந்து உடைந்தது.

உள்ளே பச்சைப் புழுக்கள். குஞ்சுக்கென்று தாய் சேர்த்து வைத்த இரை. அவற்றின் நடுவே வெள்ளையாக ஒன்று, அரிசி அளவு, நெளிந்தது.

அவர் இறங்கினார். ஆவுடை நீட்டிய கையைப் பிடிக்காமல் இறங்கினார்.

"மொதல்ல சொன்னது யாரு? பேரச் சொல்லு. அவ வாசல்ல போயி நின்னு கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

எஸ்தர் டீச்சர் ஆவுடையைப் பார்த்தாள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"நாந்தாண்ணே."

அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

"கோயில்ல வச்சு நானேதான் சொன்னேன், எங்க வீட்ல குளவி கூடு கட்டியிருக்குன்னு. சிரிச்சாளுவ. மறுநாளு பாக்கணும்னு நாலு பேரு வந்தாளுவ. அதுக்கு அடுத்த நாளும் வந்தாளுவ. இந்தக் கட்டில்லதான் உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். காப்பிக்கு அரை லிட்டரு பாலு கூட வாங்குனேன்."

விரிப்பில் கிடந்த மண்ணைப் பார்த்தாள்.

"பதினோரு நாளா வீட்டுக்கு ஆள் வந்துச்சுண்ணே."

குளவி திரும்பி வந்தது. வாயில் ஈரமண் உருண்டை. கூடு இருந்த இடத்தில் உட்கார்ந்தது. எழுந்து கம்பி வரை போனது. மறுபடியும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

ஆவுடை விரிப்பை உதறவில்லை. மண்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். பிள்ளைகளுக்குத் தாடை வீங்கிக் கட்டிக்கொண்டால் குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். யாராவது கேட்டு வரலாம். பொட்டலத்தை முன்னறை ஷெல்ஃபில், வாசலில் நிற்பவர் கண்ணுக்குப் படும்படி வைத்தாள்.

"காப்பி போடட்டாண்ணே? பாலு இருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு வந்தால் நின்றபடியே விசாரித்துவிட்டுக் கிளம்புகிறவர். அன்று இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாவது கேட்டார். அவள் போட உள்ளே போனபோது, சொல்லாமல் எழுந்து நடந்தார்.

மத்தியானம் பேருந்து நிலையத்தில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். துண்டை எடுத்தபோது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்ததாம். கூட்டைக் கலைத்தவரைக் குளவி கொட்டிவிட்டது என்று அந்தப் பக்கம் இன்றும் பேச்சு இருக்கிறது.

குளவி கொட்டவில்லை.