பாட்டு முடியும் வரை

"நிறுத்துங்க! யாருய்யா அது, தாளத்தைத் தப்பா அடிக்கிறது?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கத்தினார் அருணாச்சலம்.

டிரம்ஸ் வாசிக்கிற தானியேல் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். குச்சிகள் இரண்டும் அவன் பின்பாக்கெட்டில் இருந்தன.

"சார், பாட்டுல அந்த இடத்துல டிரம்ஸே கிடையாது சார்!"

மகளின் ரிசப்ஷனில், தானே பாடிய ஒரு பாப் பாட்டைப் போட்டு எல்லோரையும் அசத்த வேண்டும் என்பது அருணாச்சலத்தின் ஆசை. சென்னையில் கம்ப்யூட்டரில் பதிந்து பார்த்தார். குரல் தகர டப்பா மாதிரி இருந்தது. தப்பு கம்ப்யூட்டர் மேல்தான் என்று முடிவு செய்து, கும்மிடிப்பூண்டியில் ஹயாத் பாஷாவின் பழைய டேப் ஸ்டூடியோவைச் சந்து சந்தாகத் தேடிப் பிடித்தார். காலையில் பாடி முடித்து, இப்போது மிக்ஸிங்.

பாஷா மற்ற வாத்தியங்களை அடக்கி, குரலை மட்டும் ஓடவிட்டார்.

'நீ தூங்கினா போதும் கண்ணே...' டும்! 'ஊரையே நிறுத்தி வைப்பேன்...' டும்!

"இது பின்னாடி கம்பெனி சார்," என்றார் பாஷா சங்கடமாக. "தகடு அடிக்கிற பெரிய மிஷினு. புதுசா வந்துகீது. நம்ம மைக் அந்தக் காலத்து மைக்கு, எல்லாத்தியும் புடிச்சிடும். பாடறப்போ மியூசிக்ல அமுங்கிடுச்சு, நானும் கவனிக்கல."

ஸ்டூடியோவை ஒட்டிய வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. பாஷாவின் மகள் ஜாஹிதா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"பிரசவத்துக்கு வந்த பொண்ணு சார். அடிக்கிற அடிக்கெல்லாம் புள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடுது. தூங்கறதே இல்ல. ஒரே பேஜாரு."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு வாட்டி போனேன் சார். 'சத்தம் காம்பவுண்டைத் தாண்டாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு'ன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டானுங்க. அந்த ஆளு மூஞ்சியக்கூடப் பாக்க முடியல."

அருணாச்சலத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன மனுஷன்யா அவன்! அவனுக்குக் குழந்தை குட்டி கிடையாதா? எந்தக் கம்பெனி, காட்டுங்க!"

பாஷா பின்பக்க ஜன்னலைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நீலக் கூரை தெரிந்தது.

அருணாச்சலம் எட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலைத் தானே சாத்தினார்.

"சரி... நான் பேசிப் பார்க்கறேன்," என்று செல்போனோடு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. தானியேல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா சார், இவ்ளோ பெரிய ஆளா நீங்க!"

"தெரிஞ்சவங்க இருக்காங்கப்பா," என்றார் அருணாச்சலம் அடக்கமாக.

மறுபடி பாடினார். அந்த அமைதியில் அவர் குரல்கூட ஓரளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் எக்கோ, கொஞ்சம் வயலின் சேர்த்து பாஷா மிக்ஸிங்கை முடித்தார். மகளை நினைத்துக்கொண்டு இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார் அருணாச்சலம்.

கிளம்பும்போது வாசலில் ஜாஹிதா நின்றிருந்தாள். குழந்தை தோளில் சாய்ந்து அசந்து தூங்கியது.

"அல்லா உங்கள நல்லா வைக்கணும் சார். இங்க வந்ததுலேர்ந்து புள்ள இப்டித் தூங்கி நான் பாத்ததே இல்ல."

அருணாச்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டார்.

"பாவம், எழுப்பிடாதம்மா. நல்லாத் தூங்கட்டும்," என்று கிசுகிசுத்தார்.

காரில் ஏறினார். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு, செல்போனை எடுத்தார்.

"சூப்பர்வைசரா? மேனேஜர்தான் பேசறேன். பாட்டு முடிஞ்சுது, மிஷினை ஓட்டுங்க."