தாடிக்காரருக்கு ஒரு விருந்து

“இன்னொரு துண்டு வைங்க அவருக்கு. எலும்பைச் சப்புற அழகைப் பாத்தியா? இவராம்மா பன்றிக்கறி தொடாதவர்?”

முதலாளி லுவான் காதோரம் கிசுகிசுத்ததும் யூச்சின் மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். சிங்தாவ் துறைமுகத்திலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. வட்ட மேசையின் எதிர்ப்பக்கத்தில், கறுப்புக் கோட்டும் அடர்ந்த தாடியுமாக அந்த வெளிநாட்டுக்காரர். தாடியெல்லாம் குழம்பு.

“ஊறுகாய், பழம், முழு முட்டை, இது மட்டும் போதும்னு சமையல்காரர்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன், முதலாளி?”

“நான்தான் விலாக்கறி வைக்கச் சொன்னேன். ஒரு சோதனை.” லுவான் வெள்ளைச் சாராயத்தை ஒரே மடக்கில் காலி செய்தார். “வேஷம் கலைஞ்சுது பாரு.”

அந்த இஞ்சித்தூள் தொழிற்சாலைக்கு ஏற்றுமதி மேலாளர் யூச்சின். அமெரிக்க வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். பெட்டியில், யூத மத உணவு விதிப்படி சுத்தமானது என்று சான்று சொல்லும் கோஷர் முத்திரை இருந்தால்தான் எடுப்பேன் என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை. ஆர்டர் வராவிட்டால் இரண்டாவது ஷிப்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆர்டர் வரும் என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று வாக்குக் கொடுத்தவள் அவள்.

அன்றிலிருந்து லுவானோடு தினம் ஒரு வழக்கு. ஒரு முத்திரை குத்த வருஷா வருஷம் கப்பமா என்பார். உலகத்துப் பணமெல்லாம் அந்தக் கூட்டத்தின் கையில்தான் இருக்கிறது, இது இன்னொரு வசூல் என்பார். யாரும் நம் கழுத்தைப் பிடிக்கவில்லையே, வேண்டாமென்றால் வேறு நாட்டுக்கு விற்கலாமே என்பாள் அவள். அந்த வியாபாரியே யூதர் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள், பன்றிக்கொழுப்பு கலந்திருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குறியைத் தேடித்தான் வாங்குகிறார்களாம். நாமே நம் சரக்கைச் சுத்தம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்மோடு எந்த ஒட்டுறவும் இல்லாத ஒருத்தர் சொன்னால்தானே நம்புவார்கள்? அதற்குத்தான் கட்டணம். அதுகூடப் பெட்டியில் படம் அச்சடிக்கிற செலவுக்குக் கீழே.

லுவான் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். ஷாங்காயிலிருந்து ஒரு யூத குரு சோதனைக்கு வருவார், எந்த நாள் என்று மட்டும் சொல்ல மாட்டார் என்று தகவல் வந்தது. இன்று காலை ரயில் நிலையத்தில் கறுப்புக் கோட்டும் தாடியுமாக ஒருவர் நம் தொழிற்சாலையின் பேரைச் சொல்லி வழி கேட்கிறார் என்று டிரைவர் போன் செய்ததும், லுவான் நேராகத் தொழிற்சாலை மாடியில் விருந்துக்கே கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

யூச்சின் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தொழிற்சாலையைப் பார்த்தாயிற்றா என்று தாடிக்காரரிடம் பணிவாகக் கேட்டாள்.

அவர் கிண்ணத்தை உயர்த்திச் சிரித்தார். முதலில் சாப்பாடு, பிறகுதான் வேலை என்றார். நாற்காலிக்கு அடியில் இருந்த கனத்த இரும்புப் பெட்டியைக் காலால் தட்டியும் காட்டினார்.

“முத்திரையெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு” என்றார் லுவான். “இன்னும் ரெண்டு கிண்ணம் உள்ளே போனா, பாக்காமலே குத்திடுவார்.”

சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் யூச்சினுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இவ்வளவுதானா இது? முத்திரையே பொய் என்றால், அதை நம்பி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற தாய்க்கு என்ன பதில்? மூன்று மாதமாக முதலாளி சொன்னதுதான் சரி, தான்தான் ஏமாளியா? தாடிக்காரர் ஏதோ பாட்டை உரக்க எடுத்தார். பாதியிலேயே மேசையில் தலை சாய்த்துக் குறட்டை விட்டார்.

காவலாளி ஷிங் எட்டிப் பார்த்தார்.

“முதலாளி, இஞ்சி உலர்த்தி மெஷின் ரிப்பேருக்கு நாளைக்கு வரவேண்டிய ஜெர்மன் மெக்கானிக் காலையிலேயே வந்துட்டார். கொதிகலன், நீராவிக் குழாய், சரக்குக் கிடங்குன்னு ஒரு மூலை விடாம நோண்டியாச்சு. இப்ப யாராவது பொறுப்பானவங்க வரணும்ங்கறார்.”

“ரிப்பேருக்கு வந்தவனுக்குக் கிடங்குல என்ன வேலை? யூச்சின், நீ போய்ப் பாரும்மா.”

அந்த அறையை விட்டு வெளியே வந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உலர்த்திக்குப் பக்கத்தில், மழுங்கச் சிரைத்த முகத்தோடு ஒல்லியான இளைஞர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து, சொந்த டப்பாவிலிருந்து மீன் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் கரி. அவளைக் கண்டதும் எழுந்து, வெயில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அதற்குள்ளே உச்சந்தலையில், யூதர்கள் வைத்துக்கொள்கிற உள்ளங்கை அளவு குல்லாய் ஒன்று இருந்தது.

“ஷாங்காய்லேருந்து வர்றேன். சொல்லாம வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க, அதுதான் எங்க வழக்கம்” என்றார், அவளைவிடத் தெளிவான சீனத்தில். “உங்க ஆளுங்க மேலேயிருந்து சாப்பாடு கொண்டாந்தாங்க. நான் வெளியில சாப்பிடறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க. கொதிகலன், குழாய், கிடங்கு எல்லாம் சுத்தம். ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க.”

யூச்சின் மாடிப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் முதலாளி சோதித்தது குருவையே இல்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது.

“இந்த உலர்த்தியோட உள்பக்கம் ஒண்ணுதான் பாக்கி. கழற்றினா முடிச்சிடலாம்” என்றார் அவர். “காலையில கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, தாடியோட, கருவிப் பெட்டியும் கையுமா உங்க வண்டியில வந்து இறங்கினாரே, அந்த மெக்கானிக்கைக் கொஞ்சம் கீழே அனுப்புறீங்களா?”