இரண்டு மானிட்டர்

"கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வேண்டாம். சாதாரண லேப்டாப்பே போதும்" என்றார் கணவர்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். செல்போன் உறையைக்கூட விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்குகிற மனிதர்.

"கார்டு இருக்கறதையே எடுத்துக்கலாமேங்க."

"எதுக்கு வீண் செலவு? கூட ரெண்டு மானிட்டர் மாட்ட முடிஞ்சா போதும்."

"தாராளமா மாட்டலாம் சார்" என்றாள் விற்பனைப் பெண்.

மனைவிக்கு எங்கேயோ இடித்தது. "ரெண்டு மானிட்டர் எதுக்குங்க?"

கணவர் விலைச்சீட்டைப் படிப்பதில் மும்முரமானார்.

அவள் விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள். "ஏம்மா, கார்டு இல்லாம இதுல கேம் ஓடுமா?"

"சீட்டாட்டம் ஓடும் மேடம். கார் ரேஸ் மாதிரி பெரிய கேமெல்லாம் திணறும்."

"அப்புறம் ரெண்டு மானிட்டர் மாட்டுறதுக்கு யாருதான் இதை வாங்குவாங்க?"

"ஷேர் ட்ரேடிங் பண்றவங்க மேடம். ஏறி இறங்குற கோடுதானே, அதுக்குக் கார்டு தேவையில்லை. நாலஞ்சு ஷேரை ஒரே நேரத்துல பார்க்கத்தான் ரெண்டு மானிட்டர் கேப்பாங்க."

கணவர் மெல்ல அடுத்த மேஜைப் பக்கம் நகரப் பார்த்தார்.

"கார் ரேஸ் விளையாடணும்னு ஒரு மாசமா என் உயிரை வாங்கினாரும்மா. இனிமே ட்ரேடிங் பக்கமே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன். போன தடவை இவர் பண்ணின ட்ரேடிங்லதான் சொந்த வீட்டை வித்துட்டு வாடகை வீட்டுக்கு வந்தோம்" என்ற மனைவி, லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"டி.வி.யில மாட்டி விளையாடுற கேம் பெட்டி இருந்தா காட்டு. அதுல கேம் மட்டும்தானே ஓடும்?"