போன வருஷத்துக் கிடா

"இந்த மாட்டு டாக்டரம்மாவைக் கமிட்டியில போட்டது யாருய்யா?"

சோலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தலைவர் ஐயாதுரையின் காதில் கேட்டார்.

"கால்நடை டாக்டர் ஒருத்தர் இருந்து கையெழுத்துப் போட்டே ஆகணும் சார். சட்டம்."

சட்டமாம் சட்டம்! ராஜபாளையத்து மருந்துக் கம்பெனியில் சோலைராஜ்தான் ஆராய்ச்சிக்குப் பெரியவர். குழந்தைகளுக்கு வரும் வலிப்புக்கு மருந்து கண்டுபிடிக்கிறார். எலிக்கு மருந்தைக் கொடுத்து, கரண்ட் வைத்து வலிப்பு வரவழைத்துப் பார்க்கிற வேலை. உயிருள்ள பிராணிகளை வைத்துச் சோதிக்க அனுமதி கொடுக்கிற இந்தக் கமிட்டி வருஷா வருஷம் சரி என்று சொன்னால்தான் நடக்கும். பழைய அனுமதி இன்றோடு முடிகிறது. இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்கு ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

மற்றவர்கள் காராச்சேவைக் கொறித்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த டாக்டர் சண்முகத்தாய் மட்டும் பேனாவைத் திறக்கவில்லை.

"மருந்து குடிச்ச எலியில பாதி செத்துப்போச்சே சார். ஏன்?"

"கரண்ட்ல செத்திருக்கும்."

"மருந்துல செத்திருந்தா? அறுத்துப் பாத்தீங்களா?"

"நேரமில்லை மேடம். செத்ததெல்லாம் ஐஸ் பெட்டியில பத்திரமா இருக்கு. பொறவு பாத்துக்கலாம்."

"அதைப் பாக்காம இன்னும் எதுக்குப் புது எலி?"

சோலைராஜுக்குச் சுருக்கென்றது. "போன வருஷம் இதே ஆராய்ச்சிக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"எங்க கொலசாமி கோயில்ல கிடா வெட்டுறதுக்கு முன்னால தண்ணி தெளிப்பாக. அது தலையைச் சிலுப்பிச் சம்மதம் சொன்னாத்தான் அருவா எறங்கும். போன வருஷத்துக் கிடா சிலுப்புச்சுன்னு சொல்லி இந்த வருஷத்துக் கிடாயை வெட்ட முடியுமா சார்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோலைராஜுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"கறியும் திம்பீக, எலிக்கும் அழுவீகளாக்கும்!"

"திம்பேன். வீணா ஒரு உசுரு போகக் கூடாதுன்னும் சொல்லுவேன். ரெண்டும் நான்தான்."

ஐயாதுரை சமாதானத்துக்கு வந்தார். "அம்மா, இந்த ஒரு தடவை போட்டுடுங்க. அடுத்த வருஷம் கறாரா இருந்துக்கலாம்."

"மாட்டேன்."

அம்புட்டுதான். சோலைராஜ் மேசையில் ஓங்கித் தட்டினார். டம்ளரில் இருந்த காப்பி சிந்தியது.

"நீங்க மாட்டுக்கு ஊசி போடுற ஆளு. உங்களுக்கு என்ன தெரியும்? பெத்தவ கண்ணு முன்னால பிள்ளை வெட்டி வெட்டி இழுக்கும். வாயில நுரை தள்ளும். அந்தப் பிள்ளையை ஒரு நாளாச்சும் மடியில தாங்கியிருக்கீங்களா? எலிக்கு இருக்கிற இரக்கம் அந்தப் பிள்ளைக மேல இல்லையே, நீங்கள்லாம் ஒரு பொம்பளையா?"

நியாயமான கேள்விதானே என்பது போல எல்லாரும் சண்முகத்தாயைப் பார்த்தார்கள்.

அவர் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு எழுந்தார்.

"தாங்கியிருக்கேன். இன்னைக்குக் காலையிலகூட, பஸ் ஏறுறதுக்கு முன்னால தாங்கிட்டுத்தான் வந்தேன். என் மவ. இந்த மருந்து எம்புட்டுச் சீக்கிரம் வேணும்னு உங்களைவிட எனக்குத் தெரியும் சார். நாளைப்பின்ன அவ வாயில நான் ஊத்தப்போற மருந்து இது. போய் முதல்ல அந்த எலிகளை அறுத்துப் பாருங்க!"