ஆறு நாற்பத்திரண்டு

அண்ணன் கரையோர மரத்தில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்து, முடிச்சுகளை விரலால் எண்ணினான். பதினான்காவது முடிச்சு கரைக்கல்லைத் தொட்டதும் அங்கேயே கேமரா ஸ்டாண்டை ஊன்றினான்.

தங்கை அதற்குள் தன் கேமராவில் இருபது படம் எடுத்துவிட்டாள்.

ஏரி நடுவே ஒரு வெள்ளைப் பாறை. கிழக்கே இரண்டு மலைகள். வருஷத்தில் இந்த ஒரு காலையில்தான் அந்த மலைகளின் இடுக்கு வழியாக முதல் வெயில் பாறைமேல் மட்டும் விழும். சுற்றிலும் எல்லாம் நிழலில் இருக்கும். ஆறு நாற்பத்திரண்டுக்கு. அண்ணன் போட்ட கணக்கு.

முதல் வருஷம் மழை. போன வருஷம் மூடுபனி. இந்த ஒரு படத்துக்காக இது மூன்றாவது முறை.

இதுவரை தனியாக வந்தவன் இந்தத் தடவை, "துணைக்கு வாயேன்" என்றான். ஒற்றையடிப் பாதை முழுக்க அவள் தோளில் கை போட்டு நடந்தான். பாசத்தை வெளியில் காட்டுகிற ஆள் இல்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் அவனுக்குப் பஞ்சாங்கம் என்று பெயர்.

"வெயிலுக்கே டைம்டேபிள் போட்ட ஆள் நீ ஒருத்தன்தான்" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

வலப்பக்க மலையின் சரிவு போன மழையில் இடிந்து, செம்மண் புண்போலத் தெரிந்தது. இடுக்கு அகன்றிருந்தது. அதையும் கணக்கில் சேர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு முப்பத்தொன்றுக்கே வெயில் வந்துவிட்டது.

அவள் கை தானாக இரண்டு படம் எடுத்தது. பிறகுதான் பேச்சு வந்தது.

"அண்ணா, அங்க பாரு."

அவன் பார்த்தான். நேராக, பாறையை.

"கொக்குதானே? பேசாம இரு. இன்னும் அலாரம் அடிக்கல."

என்ன பிடிவாதம் இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நின்றுகொண்டாள். மூன்றே நிமிஷம். சூரியன் மேகத்துக்குள் போனது. ஏரி சாம்பலாகிவிட்டது.

அலாரம் அடித்தது.

அவன் பொத்தானை அழுத்தினான். ஐந்து முறை, நிதானமாக. மூன்று வருஷப் பாரத்தை இறக்கி வைத்தவனைப்போல மூச்சு விட்டான்.

லென்ஸ் வளையத்தில் ஒரு துண்டு நாடா, விரலுக்குத் தட்டுப்படும்படி தடிப்பாக ஒட்டியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவன் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

"வெயில் எப்படி விழுந்திருக்கு? சொல்லேன்" என்றான், சாம்பல் ஏரியைப் பார்த்தபடி.

வழி தெரிய அவன் பாதை முழுக்கப் பிடித்து வந்த தோள் கனத்தது.

எதையும் யோசித்துச் செய்து பழகாதவள், கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவன் பக்கத்தில் வந்து நின்று, பதினோரு நிமிஷத்துக்கு முன்னால் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"முதல்ல பாறையோட நுனி மட்டும், அண்ணா..."