வெறுங்கூண்டு

மண் சரிந்து ஆட்கள் புதைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மாலைதோறும் நீராவி எஞ்சினை ஓட்டி ஆளேற்றும் கூண்டை வெறுமனே இறக்கி ஏற்றுவதால் நிலக்கரி வீணாகிறது என்று கண்டிக்க மேலாளர் வரதப்பன் வந்தார். “வெறுங்கூண்டுக்கு எஞ்சின் இப்படித் திணறுமாங்கய்யா?” என்றாள் எஞ்சின் ஓட்டும் இருதயமேரி. மேலே வந்த கூண்டின் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். உள்ளே யாருமில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக இறங்குவதுபோல் கூண்டு விட்டுவிட்டு மேலெழும்பியது. கடைசி அசைவில், அவர்களோடு புதைந்த தன் புருஷனை அழைக்கும் குரலில், “வாங்க” என்றாள். வரதப்பன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “வர்றதுதான் வர்றாங்க, கையை வீசிக்கிட்டு எதுக்கு வரணும்? நாளைக்குக் கூடையையும் சேர்த்து இறக்கு” என்றார். மறுநாள் கூடைகள் நிலக்கரியால் நிறைந்து வந்தன. எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு இருதயமேரி கதவருகே ஒதுங்கி நின்றாள். “வாங்க” என்றாள். கூண்டு அசையவில்லை.