ஏர் பிளாஸ்டுக்குப் பிறகு

மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் எங்கோ பாறை வெடித்து, ஊரார் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று சொல்லும் அதிர்வு மாரிகுப்பத்தையே முறத்தில் போட்டுப் புடைத்ததுபோல் உலுக்கிவிட்டு அடங்குகிறது. தனியாக வாழும் ஜெயமேரியின் கதவு நிலையோடு இறுகிவிட்டது. கூரையிலிருந்து மண் உதிர, அவள் கட்டிலுக்கடியில் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பல்செட் அடித்துக்கொள்ளும் சத்தம் பங்காருப்பேட்டை வரை கேட்கும். “பயப்படாதீங்கம்மா, பக்கத்து வீட்டு ரவிகுமாருக்குச் சொல்லிட்டேன். கதவு திறக்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்,” என்கிறாள் முதியோர் உதவி எண்ணில் பேசும் இந்து. “வச்சிடாதம்மா! இன்னா ஆட்டம் ஆடுது தெரியுமா!” சுவர் மறுபடி முனகுகிறது. கடப்பாரை இறங்க, படாரென்று வெயில் உள்ளே விழுகிறது. ரவிகுமார் கை நீட்டுகிறான். “என்னம்மா சத்தம்? கதவு திறந்துடுச்சா?” என்று போனில் கேட்கிறாள் இந்து. பேசாதே என்று அவனுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள் ஜெயமேரி. “இல்லம்மா,” என்கிறாள் போனில், “இன்னும் திறக்கல.”